பழைய மருந்து, புதிய நோய்: அன்று பணியில் இருந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மருந்தியல் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு தயாரிக்கிறேன். வேறு நோய்களுக்கு ஒப்புதல் பெற்ற பழைய மருந்துகளைக் கொரோனாவுக்கு எழுதிக்கொடுத்ததுதான் பாடம்.

மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் இரண்டுமே பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது; மற்றதால் பலனில்லை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த ஸ்டீராய்டும் உதவவில்லை. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இதற்கிடையே, லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள் அன்றாடம் விழுங்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆய்வு முடிவுகளை மாணவர்கள் படித்துக்கொள்வார்கள். முடிவு வருவதற்கு முந்தைய மாதங்கள் எப்படி இருந்தன என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல முடியும். வார்டிலோ மருந்துக்கடையிலோ இருந்தவர்களே, ஆதாரம் இல்லாத நிலையில் நோயாளியிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினீர்கள்? அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினீர்களா? ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தபோது, இதயத் துடிப்புச் சிக்கலைக் கவனிக்க இசிஜி எடுக்க முடிந்ததா? சீட்டில்லாமல் கேட்டு வந்தவர்களை எப்படிச் சமாளித்தீர்கள்?

நோயாளியின் பெயரோ அடையாளமோ வேண்டாம். இரண்டு வரி எழுதினாலும் போதும்.