நீள்வட்டப் பின்விளக்குத் துளைகள்: பிளாஸ்மாவா, பஞ்ச்-டையா?

பாடிகட்டுபவர்:
சரக்கு வண்டிகளுக்குப் பாடி கட்டுகிறோம். பின்பக்கத் தகடு 2 மி.மீ. மைல்டு ஸ்டீல். வண்டிக்கு ஆறு நீள்வட்ட விளக்குகள். துளை 165 × 57 மி.மீ., இரு முனையும் அரைவட்டம். இரு முனைகளிலும் ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) போட்டுவிட்டு நடுப்பகுதியை ஜிக்சாவால் அறுக்கிறோம். விளக்கைப் பிடிக்கும் ரப்பர் வளையம் ஒரு துளையில் ஏறவே மறுக்கிறது, அடுத்ததில் தொளதொளக்கிறது. எல்லாத் துளைகளும் ஒரே மாதிரி வர என்ன வழி?

நீலச்சுடர்:
பிளாஸ்மாவும் (மின்சுடரால் உலோகத்தை உருக்கி வெட்டும் டார்ச்) ஒரு டெம்ப்ளேட்டும் (டார்ச்சுக்கு வழிகாட்டும் மாதிரித் தகடு) போதும். 3 மி.மீ. தகட்டில் டெம்ப்ளேட் செய்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். டார்ச்சின் முனையை விளிம்போடு உரசியபடி ஒரு சுற்று வாருங்கள். டெம்ப்ளேட்டைத் துளையின் அளவுக்கே வெட்டிவிடக் கூடாது. முனையின் விட்டம் 16 மி.மீ., வெட்டின் அகலம் 2 மி.மீ. என்றால், பக்கத்துக்கு 7 மி.மீ. கூட்டி 179 × 71 என்று வெட்ட வேண்டும். பழைய தகட்டில் ஒருமுறை வெட்டி, ரப்பரை மாட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போங்கள்.

அச்சுப்பட்டறை:
பிளாஸ்மாவைச் சொன்னவர் பின்பக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தகட்டின் பின்னால் உருகி ஒட்டும் கசடை யார் உளியால் தட்டுவது? விளிம்பைச் சுற்றிப் பெயிண்ட் கருகும். துத்தநாகப் பூச்சு உள்ள தகடு என்றால் அந்தப் புகையை மூச்சில் வாங்கவே கூடாது. தொடர்ந்து ஆறு துளை வெட்டினால் தகடு சூட்டில் நெளியவும் செய்யும். இதே துளை திரும்பத் திரும்ப வருமென்றால் பஞ்ச்-டை செய்துகொள்ளுங்கள்: தகட்டின் இருபுறமும் வைத்து, போல்ட்டால் இழுத்துத் துளையை வெட்டும் ஜோடி அச்சு. ஒரே அமுக்கு, முதல் துளையும் நூறாவது துளையும் ஒன்றுதான்.

எண்கணக்கு:
அமுக்கு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். துளையின் சுற்றளவு ஏறத்தாழ 395 மி.மீ. அதை 2 மி.மீ. தடிமனால் பெருக்கி, மைல்டு ஸ்டீலின் வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன் என்று வைத்தால் சுமார் 28 டன் விசை வருகிறது. கையால் அடிக்கும் 10 டன் ஹைட்ராலிக் பம்ப் பாதி வழியில் நின்றுவிடும்.

அச்சுப்பட்டறை:
கணக்கு சரி, ஆனால் தட்டையான பஞ்சுக்கு மட்டும். பஞ்சின் முகத்தைச் சரிவாகத் தீட்டினால் சுற்றளவு முழுவதும் ஒரே நொடியில் வெட்டுப்படாது. விசை பாதியளவுக்கு இறங்கும். அதற்குத் தகுந்த பெரிய பம்ப் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இவ்வளவு நீளமான வடிவத்தை நடுவில் ஒரே போல்ட்டால் இழுத்தால் பஞ்ச் சாய்ந்து டையைக் கடிக்கும். இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக இரண்டு போல்ட் வையுங்கள். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்குத் தகட்டுத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம் இடைவெளி விட்டால் பிசிறு குறையும்.

நீலச்சுடர்:
நாளைக்கே விளக்கின் மாடல் மாறினால் அந்த டை பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். எனக்கு வீணாவது ஒரு துண்டுத் தகடு. டெம்ப்ளேட்டின் அடியில் ஓர் உதட்டை மடித்துத் தகட்டின் கீழ்விளிம்பில் மாட்டிக்கொண்டால், ஆறு துளைகளும் ஒரே உயரத்தில் நிற்கும். உங்கள் பஞ்சுக்கு முதலில் போல்ட் துளைகளைச் சரியான இடத்தில் போட வேண்டுமே, அதை யார் அளப்பது?

அச்சுப்பட்டறை:
அதற்கும் அதே உதடு வைத்த டிரில் ஜிக் போதும். உதட்டுக்கு நீங்கள் ஒருவர்தான் உரிமையாளரா?

எண்கணக்கு:
இருவரும் ஒன்றைக் கேட்கவே இல்லை. தகடு இன்னும் தட்டையாக இருக்கிறதா, வண்டியில் ஏறிவிட்டதா? வளைப்பதற்கு முன்பே லேசரில் கொடுத்துவிட்டால் துளை, இடம் இரண்டும் வரைபடத்திலேயே முடிந்துவிடும். இந்தச் சண்டையே தேவையில்லை.

பாடிகட்டுபவர்:
புது வண்டிக்குத் தட்டையான தகடாகவே வருகிறது, நாங்கள்தான் வளைக்கிறோம். பழைய வண்டிகளும் விளக்கு மாற்ற வருகின்றன. அவற்றைக் கழற்ற முடியாது. சிலவற்றில் பின்பக்கம் அலுமினியம்.

எண்கணக்கு:
புதியவை எல்லாம் லேசருக்கு. அலுமினியத்துக்கு ரவுட்டரும் (சுழலும் பிட்டால் விளிம்பை வெட்டும் கைக்கருவி) டெம்ப்ளேட்டும் அழகாக வேலை செய்யும்: 6 மி.மீ. ஒற்றை வெட்டுவாய்க் கார்பைடு பிட், 16 மி.மீ. வழிகாட்டி வளையம், டெம்ப்ளேட் பக்கத்துக்கு 5 மி.மீ. பெரிது. கொஞ்சம் மெழுகு தடவாவிட்டால் அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்ளும். எஃகில் மட்டும் ரவுட்டரை வைத்துவிடாதீர்கள்.

நீலச்சுடர்:
அப்படியானால் பழைய எஃகு வண்டிகள் என் பக்கம். வெட்டுவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தகட்டின் பின்னால் ஒயரும் ஃபோமும் இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள்.

அச்சுப்பட்டறை:
விட்டுக்கொடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கசடைத் தட்டி, விளிம்பை அரத்தால் மழித்து, துத்தநாக பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே ரப்பரை மாட்ட வேண்டும். ரப்பருக்குள் தேங்கும் தண்ணீர் பூச்சில்லாத விளிம்பைத்தான் முதலில் தின்னும்.

பாடிகட்டுபவர்:
புதுத் தகடுகளின் வரைபடத்தை லேசருக்கு அனுப்புகிறேன். பழைய வண்டிக்கு உதடு வைத்த டெம்ப்ளேட்தான். அந்த உதட்டைக் கீழ்விளிம்பில் மாட்டுவதா, பக்க விளிம்பிலும் ஒன்று வேண்டுமா?

நீலச்சுடர்:
பழைய வண்டியின் கீழ்விளிம்பு அடிபட்டு நேராக இருக்காது. அங்கே உதட்டை நம்பாமல் சுண்ணக் கோடு அடித்து அதன்மேல் டெம்ப்ளேட்டை வையுங்கள்.