பிறந்தநாளுக்காகப் பெங்களூர் சென்று ‘அகம்’ குழுவை நேரில் கேட்கலாமா?

தெம்பனிஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று எனக்கு 40 வயது நிறைவடைகிறது. அதற்கு முந்திய நாள் மாலை, பெங்களூரின் வைட்ஃபீல்டு பகுதியில் உள்ள திறந்தவெளி அரங்கு ஒன்றில் கர்நாடக இசையை ராக் இசையோடு கலந்து பாடும் ‘அகம்’ குழுவினர் பாடவிருக்கிறார்கள் என்று அறிந்த நாள் முதல் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. போகலாமா வேண்டாமா என்பதையும், போவதென்றால் சிங்கப்பூரிலிருந்து எப்படிப் போவது என்பதையும் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

2007-இல் சன் தொலைக்காட்சியில் ஏ.ஆர். ரகுமான் முன்னின்று நடத்திய இசைக்குழுப் போட்டியில் இவர்கள் வென்றபோது நான் பல்கலைக்கழக மாணவி. 2012-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தொகுப்பை எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்தில் ஒலிக்கவிட்டபோது, கீர்த்தனைக்கு நடுவே டிரம்ஸ் அதிர்வதைக் கேட்ட அப்பா, “இது பாட்டா, பட்டறையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார், ஆறு மாதத்துக்குப் பிறகு அதே பாட்டை அவர் குளியலறையில் முணுமுணுத்ததை நான் காதாரக் கேட்டேன். அப்பா இப்போது இல்லை. தெம்பனிசிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்குப் போகும் பெருவிரைவு ரயிலில் இத்தனை ஆண்டுகளாகக் காதில் மாட்டிக் கேட்டதோடு சரி. ஒருமுறைகூட அவர்களை மேடையில் பார்த்ததில்லை.

தடை என்னவென்றால், அந்தச் சனிக்கிழமை புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகாமல், அதுவும் பிறந்தநாளுக்கு முதல் நாள், ஆட்டம்பாட்டம் என்று ஊர்விட்டு ஊர் போவதா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் மதியம் உறவினர்களை விருந்துக்கு அழைக்கும் திட்டமும் அவரிடம் இருக்கிறது. மகள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள்; அடுத்த வாரமே தொடக்கப்பள்ளி இறுதியாண்டின் எழுத்துத் தேர்வு தொடங்குகிறது. “நீ போய்விட்டு வா, எனக்கு அந்த இரைச்சல் ஒத்துவராது” என்கிறார் கணவர். ஆகவே போனால் தனியாகத்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு, நுழைவுச்சீட்டு விற்கும் இந்திய இணையத்தளம் என் வங்கி அட்டையை மூன்று முறை நிராகரித்துவிட்டது. கச்சேரி சரியாகப் பிறந்தநாளன்று அமையாமல் முந்திய நாள் அமைந்திருப்பதும், இவ்வளவு பாடுபட்டுப் போவதற்கு அது ஈடாகுமா என்ற ஐயத்தை எழுப்புகிறது.

ஜூரோங் பயணி:

அலுவல் காரணமாக ஆண்டுக்கு நான்கைந்து முறை பெங்களூர் போய்வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவதாக, எக்காரணத்தைக் கொண்டும் கச்சேரி நாளன்று போய் இறங்காதீர்கள். நேரடி விமானத்தில் பயணம் நாலரை மணி நேரம்தான் என்பதை நம்பி ஒருமுறை நான் அப்படிச் செய்தேன். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானது. தேவனஹள்ளியில் இருக்கும் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் நுழைய 35 கிலோமீட்டர். ஹெப்பாள் மேம்பாலத்தின் அடியில் என் வாடகை வண்டி நகராமல் நின்ற நேரத்தில் ஒரு முழுக் கச்சேரியே கேட்டு முடித்திருக்கலாம். நான் அரங்குக்குள் கால் வைத்தபோது கடைசி இரண்டு பாடல்களே மிஞ்சியிருந்தன. வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்து, அன்றே போய்விடுங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்திய விசா கட்டாயம். இந்திய அரசின் மின்விசா தளத்தில் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் இரண்டு வாரம் முன்னதாகவே செய்துவிடுவேன். அதே தோற்றத்தில் பல தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் கறக்கின்றன. முகவரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்பதையும் இன்றே பாருங்கள்.

நுழைவுச்சீட்டு விஷயத்தில் வங்கி அட்டையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அந்தத் தளங்கள் பெரும்பாலும் இந்தியக் கைப்பேசி எண்ணையும் இந்தியக் கட்டண முறையையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அங்கே நம்பிக்கையான உறவினர் யாராவது இருந்தால் அவரையே வாங்கச் சொல்லிவிட்டுப் பணத்தை அனுப்பிவிடுங்கள். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் முறைகள் இணைக்கப்பட்ட பிறகு, அதில் பங்குபெறும் வங்கிகளின் வழியாக நாளொன்றுக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை உடனுக்குடன் அனுப்ப முடிகிறது.

கச்சேரி பிறந்தநாளன்று அமையவில்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே நள்ளிரவு 12 அடிக்கும்போது அங்கே இரவு 9.30. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி ஒலிக்கக் கூடாது என்பது அந்நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆகவே பெரும்பாலான குழுக்கள் தங்கள் உச்சமான பாடல்களை ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில்தான் வைத்துக்கொள்ளும். நீங்கள் பிறந்த ஊரின் கணக்கில், உங்கள் 40-ஆம் பிறந்தநாளின் முதல் அரைமணி நேரம் மேடைக்கு முன்னால்தான் கழியும்.

கச்சேரிக் காதலர்:

உற்சாகத்தைக் கெடுப்பதாக எண்ண வேண்டாம். ஆனால் யாராவது மாற்றுக் கருத்தையும் சொல்ல வேண்டும். மகள் தேர்வு எழுதும் வாரத்துக்கு முந்திய வாரத்தில் தாய் வெளிநாட்டில் கச்சேரி கேட்டுக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே எஸ்பிளனேடு கலை மையத்தில் ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் ‘கலா உற்சவம்’ நடக்கிறது; இந்தியாவிலிருந்து பலதரப்பட்ட கலைஞர்கள் வருகிறார்கள். சுமார் 1,600 பேர் அமரும் அங்குள்ள கச்சேரி அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கும். அதை விட்டுவிட்டு, செப்டம்பர் மாதத்தில் பெங்களூரில் திறந்தவெளியில் போய் நிற்பானேன்? ஆண்டிலேயே அந்நகரில் அதிக மழை பெய்யும் மாதம் அது. பெரும்பாலும் மாலையில்தான் கொட்டும்.

இன்னொன்று. பிருந்தாவன சாரங்கா போன்ற மென்மையான ராகத்தை மின்கித்தாரின் உறுமலுக்கு நடுவே கேட்பதற்கு விமானம் ஏற வேண்டுமா என்பது என் போன்ற பழைய ரசிகர்களின் கேள்வி. இதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை.

தெம்பனிஸ் வாசகி:

மழையைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அது எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்பிளனேடுக்கு அவர்கள் என்றைக்கு வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? மகளைப் பற்றி நீங்கள் சொன்னது என்னையும் உறுத்திக்கொண்டிருப்பதுதான். அதனால் அதற்கு நான் இப்போதே விடை சொல்லவில்லை.

செங்காங் நிலா:

அக்கா, நான் கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை தனியாக இந்தியா போய்க் கச்சேரி கேட்டவள். 2024-இல் கோல்டுபிளேயும் டெய்லர் ஸ்விஃப்டும் இங்கே தேசிய விளையாட்டரங்கில் ஆறு ஆறு இரவுகள் பாடியபோது எத்தனை ஊர்களிலிருந்து மக்கள் விமானம் பிடித்து வந்தார்கள்! அதை யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை. நாம் தமிழும் சமஸ்கிருதமும் பாடும் குழுவுக்காக எதிர்த்திசையில் பறந்தால் மட்டும் வீட்டில் விசாரணைக் கமிஷன் வைத்துவிடுகிறார்கள்.

தங்கும் விடுதியை நகர மையத்தில் பிடிக்காதீர்கள். வைட்ஃபீல்டிலேயே, அரங்குக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பிடியுங்கள். கச்சேரி முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கைப்பேசியில் வண்டி கேட்பார்கள். வாசலில் நின்றால் ஒரு மணி நேரம் ஆனாலும் கிடைக்காது. பத்து நிமிடம் நடந்து, வெளிச்சமான ஒரு கடை அல்லது விடுதியின் முகப்பிலிருந்து வண்டியை அழையுங்கள். 2023 அக்டோபர் முதல் மெட்ரோவின் ஊதா வழித்தடம் வைட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடுகிறது. சனிக்கிழமை பகலில் நகரைச் சுற்ற அது போதும். ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மழை விட்ட இரவில் நம் உடம்புக்குக் குளிரும். மெல்லிய சால்வை ஒன்று கொண்டுபோங்கள். குடையை உள்ளே விடமாட்டார்கள். தலைவழியே மாட்டும் மழையங்கி இரண்டு வாங்குங்கள், ஒன்று கிழிந்துவிடும். காதடைப்பானும் வேண்டும்; ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு மறுநாள் முழுவதும் காதில் வண்டு ரீங்காரத்தோடு நான் திரிந்திருக்கிறேன். முன்வரிசையைவிட, ஒலிப்பொறியாளரின் மேசைக்குச் சற்று முன்னால் இடம் பிடிப்பதே நல்லது. குழுவின் முதன்மைப் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் டிரம்ஸுக்குள் மூழ்காமல் அங்கேதான் தெளிவாகக் கேட்கும்.

கச்சேரிக் காதலர் ஐயாவின் பிருந்தாவன சாரங்காவிலிருந்தே உங்கள் அம்மாவுக்குப் பதில் கிடைக்கிறது. அந்த ராகத்தில் அவர்கள் பாடும் ‘ரங்கபுர விஹார’ முத்துசாமி தீட்சிதர் திருவரங்கத்துப் பெருமாளின் மேல் இயற்றியது. புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளைப் பாடுவதைக் கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்!

தோ பாயோ தாத்தா:

இந்த வயதில் எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். பேத்தி கைப்பேசியில் காட்டினாள், படித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தலைமுறைக்கு ஒரு குழு இருந்தது. ஆலிகேட்ஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள், கூடைபோல் பரந்த சுருள்முடியோடு மலாய்ப் பாட்டுப் பாடி மலேசியாவையும் சிங்கப்பூரையும் கட்டிப்போட்டவர்கள். மலாய்க்காரப் பையன்களும் சீனப் பையன்களும் அவர்கள் பாட்டைப் பாடும்போது, அவர்கள் நம்மவர்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருக்கும். வானொலியிலும் ஒலிநாடாவிலும் எத்தனை ஆயிரம் முறை கேட்டேனோ, ஆனால் இருவரும் சேர்ந்து பாடி நான் மேடையில் பார்த்ததில்லை.

2006-இல் எனக்கு 50 வயது. அந்தப் பிறந்தநாளுக்குக் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் இரவுப் பேருந்து ஏறிக் கோலாலம்பூர் போய், அவர்கள் பாடும் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வருவது என்று நானும் என் நண்பனும் பேசிவைத்திருந்தோம். அப்போது மகனுக்கு உயர்நிலைப்பள்ளி இறுதியில் வரும் சாதாரண நிலைத் (‘ஓ’ லெவல்) தேர்வு. தகப்பன் ஊர்சுற்றப் போவது முறையா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 2007 ஜூன் மாதம் லோகநாதன் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. அன்று தொழிற்சாலையில் இரவுப் பணி. கூட வேலை பார்த்த மலாய்க்கார நண்பர் செய்தித்தாளை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

பிறகு டேவிட் பாடுவதைப் போய்க் கேட்டேன். நன்றாகத்தான் பாடினார். இருந்தாலும் என் கண் அவருக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மகனைப் பற்றியும் சொல்ல வேண்டுமல்லவா? அந்தத் தேர்வுக்காக நான் வீட்டில் இருந்தேன் என்பதே அவனுக்கு இப்போது நினைவில்லை.

அம்மா, உங்கள் தாயாரிடம் ஒன்று கேளுங்கள். கோயிலில் அர்ச்சனை செய்வது ஆங்கிலத் தேதிக்கா, ஜென்ம நட்சத்திரத்துக்கா? நட்சத்திரப் பிறந்தநாள் இவ்வாண்டு என்றைக்கு வருகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பாதிச் சண்டைகள் பஞ்சாங்கத்தால்தான் தீர்ந்திருக்கின்றன.

தெம்பனிஸ் வாசகி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தாத்தா எழுதியதை அன்றிரவு கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு அம்மாவிடம் பஞ்சாங்கத்தைக் கொடுத்தேன். என் நட்சத்திரம் பிறந்தநாளுக்குப் பிந்திய வெள்ளிக்கிழமையில் வருகிறது. வெள்ளிக்கிழமையும் நட்சத்திரமும் ஒன்றாக வருவதை அம்மாவால் மறுக்க முடியவில்லை. அர்ச்சனையும் உறவினர் விருந்தும் அன்று மாலைக்கு மாறிவிட்டன. புரட்டாசி என்பதால் கேக் முட்டையில்லாமல் செய்யப்படும் என்பது அவருடைய நிபந்தனை. ‘ரங்கபுர விஹார’ விவகாரத்தையும் சொன்னேன். “பெருமாள் பாட்டுக்கு எதற்கடி காதடைப்பான்?” என்று கேட்டார்; அதற்கு மட்டும் என்னிடம் விடையில்லை.

மகளிடம் நேரடியாகவே கேட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் துணைப்பாட ஆசிரியர் வருகிறார், அப்பா இருக்கிறார், நான் வீட்டில் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது என்று மிகுந்த மரியாதையோடு சொன்னாள். கச்சேரிக் காதலர் ஐயா இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ தெரியவில்லை.

பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டான், பணம் அனுப்பியாயிற்று. மின்விசா மூன்றாம் நாளே மின்னஞ்சலில் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, திங்கட்கிழமை காலை சாங்கியில் இறங்கி, அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போகிறேன். இரவு 9.30-க்கு வீட்டிலிருந்து யாரும் அழைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், எப்படியும் கேட்காது.

செங்காங் நிலாவுக்கு ஒரு கேள்வி: அந்த மழையங்கியை முஸ்தபாவில் வாங்கலாமா, அங்கே போய் வாங்குவது நல்லதா?

செங்காங் நிலா:

இங்கேயே வாங்கிவிடுங்கள், அக்கா. மழை வரும் நாளில் அரங்கு வாசலில் விற்பவர்கள் விலையை மூன்று மடங்கு ஏற்றிவிடுவார்கள். இரண்டு வாங்கச் சொன்னேன், மறந்துவிடாதீர்கள்.