முட்டை அவிந்தால் புரதத்துக்கு நடப்பது: ஒரு சொல் வேண்டும்

களுவாஞ்சிக்குடி, உயிரியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்கான புரதக் குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சூட்டாலோ அமிலத்தாலோ புரதம் தன் வடிவத்தை இழக்கிறதே, அதற்கு ஒரே சொல் தேவை. என் பழைய குறிப்பில் ஒரு பக்கம் 'இயல்பு நீக்கம்', மறுபக்கம் 'இயற்கை அழிதல்'. "ரெண்டும் ஒண்டா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், சொல் அடுப்படியிலேயே கிடக்கிறது. பால் திரிந்துபோச்சு என்கிறோமே! சொற்கள் புணரும்போது வரும் விகாரமும் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று. 'புரதத் திரிபு' என்று போடுங்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படிப்பித்தவர், சென்னையில் கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்றவர். அவர் மண்ணில் இருந்துகொண்டு நாம் சொல்லுக்கு அலைவதா?

அக்கரைப்பற்று, இரசாயனப் பட்டதாரி:

சேர், அந்த இலக்கணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது எழுத்தே மாறுகிறது. புரதம் என்பது அமினோவமிலங்கள் கோத்த சங்கிலி; முட்டையை அவித்தால் அந்த வரிசையில் ஓர் எழுத்தும் மாறாது. அவற்றைக் கோக்கும் பெப்ரைட்டுப் பிணைப்பு அப்படியே இருக்கும். ஐதரசன் பிணைப்பு போன்ற மெல்லியவைதான் விட்டுப்போகின்றன, மடிந்து கிடந்த சங்கிலி அவிழ்கிறது.

எழுத்து மாறுவது வேறு கதை. குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின் புரதத்தின் பீற்றாச் சங்கிலியில் 6ஆம் இடத்துக் குளுட்டாமிக்கமிலம் போய் வலின் வந்தால் செங்குழியம் அரிவாளாக வளைகிறது. திரிபு என்றால் அதுதான் திரிபு. மரபணு மாறுவதை நம் பாடத்தில் 'விகாரம்' என்றுதானே படிப்பிக்கிறோம்? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பிள்ளை குழம்பும்.

பால் உதாரணமும் அவ்வளவு சரியில்லை. நம் எருமைத் தயிர் உறைவது இலத்திரிக்கமிலத்தால். பாற்புரதமான கேசினின் துகள்கள் மின்னேற்றத்தை இழந்து ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. கேசினுக்கு அவிழ்வதற்குப் பெரிய மடிப்பே கிடையாது.

மட்டக்களப்பு, தமிழாசிரியர்:

அப்படியானால் 'திரைதல்'. பால் திரைந்தது என்பதும் வழக்குத்தான். கடலில் எழுவது திரை, முகத்தில் விழுவது திரை, நரை திரை மூப்பு...

அக்கரைப்பற்று:

திரை என்றால் சுருக்கம், மடிப்பு. நமக்கு வேண்டியது மடிப்பு அவிழ்வது. நேர் எதிர், சேர்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

'இயற்கை அழிதல்' வேண்டாம் என்பது என் கருத்து. அழிந்தது திரும்பாது, இது சில சமயம் திரும்பும். யூரியாவில் குலைந்த ரைபோநியூக்கிளியேஸ் என்ற நொதி, யூரியாவை நீக்கியதும் தானாக மடிந்து பழையபடி வேலை செய்தது. உயிர்வேதியியலாளர் அன்ஃபின்சனுக்கு 1972இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில் செய்த ஆய்வுக்குத்தான். 'உருக்குலைவு' எப்படி? அப்புறம் ஒரு வேண்டுகோள்: குறிப்பில் 'ஒடுக்கம்' வந்தால் விளக்கம் போடுங்கள். நீங்கள் நீர்மூலக்கூறு வெளியேறி இரண்டு அமினோ அமிலம் இணைவதைச் சொல்வீர்கள். இங்கே தமிழ்நாட்டில் அது ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரானது, நீங்கள் 'தாழ்த்தல்' என்பது.

மட்டக்களப்பு, தமிழாசிரியர்:

குலைவு நல்ல சொல்! குலை என்றால் கொத்து, வாழைக்குலை. அவிழ்ந்த புரதங்கள் மறுகா ஒன்றோடொன்று சிக்கித்தானே முட்டை வெள்ளை கட்டியாகிறது? குலைவதும் குலையாவதும் ஒரே சொல்லில்!

அக்கரைப்பற்று:

குலைதலும் வாழைக்குலையும் ஒரே வேரா சேர்? (பதில் எழுத வேண்டாம், நாளை விடிந்துவிடும்.)

கல்லடி, தாதி:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். 'உருக்குலைந்த நிலையில்' என்று பத்திரிகையில் எதைப் பற்றி எழுதுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அந்தச் சொல்லைச் சும்மா வாசிக்க முடியாது. 'மடிப்பவிழ்தல்' என்றே போட்டால் என்ன?

சென்னை:

அதை நான் யோசிக்கவில்லை, மன்னியுங்கள். ஆனால் 'மடிப்பவிழ்ந்த புரதம்' என்றெல்லாம் நீட்டினால் பரீட்சையில் பிள்ளைக்குக் கை வலிக்கும்.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியை:

வியாழன் இரவு பத்தரை. உருக்குலைவுக்கு நான்கு பேர் கை தூக்கியிருக்கிறார்கள், மடிப்பவிழ்தலுக்கு இரண்டு பேர். தலைப்பில் 'உருக்குலைவு' என்று போட்டு, முதல் வரியிலேயே 'அதாவது மடிப்பு அவிழ்தல்' என்று எழுதிவிட்டேன். தாதி அக்கா கோபிக்க வேண்டாம், வகுப்பில் வாயால் சொல்லும்போது உங்கள் சொல்லைத்தான் சொல்வேன்.

மட்டக்களப்பு, தமிழாசிரியர்:

என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். திரிபே சரி. குலைக்கு விளக்கம் தனி மடலில் வருகிறது.