வீடு கட்ட முழுமைத் திட்டம் போதும். பேருந்து வர எது வேண்டும்?

கேள்வி: மேடவாக்கம் வாசி

வணக்கம். சென்னையின் தென்புறநகரான மேடவாக்கத்தை ஒட்டிய ஊராட்சி ஒன்றில் வசிக்கிறேன். விளைநிலங்களாகக் கிடந்த இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழும்பிவிட்டன. பேருந்து பிடிக்க மட்டும் இன்றும் வேளச்சேரி–தாம்பரம் சாலை வரை நடந்தாக வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால், எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், நகரம் எப்படி வளரலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின்படியே (மாஸ்டர் பிளான்) எல்லாம் நடப்பதாகச் சொல்கிறார்கள். வீடு கட்ட வழிவிடும் திட்டம், அங்கே குடியேறுவோரின் போக்குவரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: ஊரமைப்பாளன்

ஐயா, அத்திட்டத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே வலிமை இல்லை என்பதுதான் சிக்கலின் வேர். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நில உபயோக வரைபடத்துக்கு முரணான கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கிடையாது. வேண்டுமானால் நில உபயோக மாற்றத்துக்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பிடி எத்தனை உறுதியானது என்பதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காணலாம். திருவான்மியூர் முதல் உத்தண்டி வரையிலான நிலத்தடி நீர்ச் செறிவூட்டும் பகுதியில் தளப்பரப்பு குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, குறைத்து வைத்ததால், அங்கே பெரும்பாலும் தாழ்வான வீடுகளே இருக்கின்றன. அதற்கு இணையாக ஓடும் பழைய மாமல்லபுரம் சாலையிலோ மென்பொருள் நிறுவனங்களின் கோபுரங்கள் நிற்கின்றன.

போக்குவரத்து அத்தியாயத்துக்கு அந்தப் பிடி இல்லை. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து 2026-ஐ இலக்காகக் கொண்ட இரண்டாம் முழுமைத் திட்டம் ரயிலையும் பேருந்தையும் பற்றி விரிவாகவே பேசுகிறது. ஆனால் பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடமும், புறநகர் ரயில் தெற்கு ரயில்வேயிடமும், பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடமும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி முன்னுரிமை. அவற்றுக்குக் கட்டளையிடும் அதிகாரம், முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) இல்லை. அதனால்தான் பழைய மாமல்லபுரம் சாலையில் அலுவலகங்கள் நிறைந்து பல ஆண்டுகள் கழித்தே மெட்ரோ தூண்கள் எழுந்தன.

பதில்: ஜி.எஸ்.டி. சாலைப் பயணி

இதற்குக் கிளாம்பாக்கமே கண்முன் இருக்கும் சான்று. பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாத இறுதியிலேயே தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கு மாற்றப்பட்டன. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாதை கூப்பிடு தூரத்தில் ஓடியும், அன்று அங்கே இறங்க நிலையம் இல்லை, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ரயிலைப் பிடிக்க நடைமேம்பாலமும் இல்லை. மூட்டை முடிச்சுகளோடும் தூங்கி வழியும் குழந்தைகளோடும் நள்ளிரவில் வந்திறங்கியவர்கள்தாம் அந்த இடைவெளியைச் சுமந்தார்கள். இடத் தேர்வு தவறென்று நான் கருதவில்லை. ரயில் நிலையம் முதலில், முனையம் பிறகு என்ற வரிசையைக் கட்டாயமாக்க யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போனதே தவறு.

அந்த அதிகாரத்துக்கு நெருங்கிய அமைப்பு, கும்டா எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். அதற்கான சட்டம் 2010-இல் வந்தது. முதல் கூட்டம் நடந்ததோ 2022 நவம்பரில். 'சென்னை ஒன்' செயலியால் பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே பயணச்சீட்டு கிடைப்பது வரவேற்கத்தக்கது. எந்தப் பகுதி எப்போது வளரலாம் என்ற முடிவிலும் கும்டாவின் சொல் எடுபட வேண்டும்.

பதில்: மனைப்பிரிவு

மேலே சொன்னவை சரியே. ஆனால் உங்கள் ஊரில் போக்குவரத்துக் கழகத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனக்கு மட்டும் உட்சாலை போட்டுக்கொண்டு, அடுத்த மனைப்பிரிவின் மதிலில் முட்டி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே வரும் பேருந்துக்குத் திரும்பக்கூட இடமிருக்காது. இணைப்புச் சாலைகளைத் தெருவளவில் குறிக்க வேண்டியது முழுமைத் திட்டத்துக்கு அடுத்த படியான விரிவான வளர்ச்சித் திட்டம். புறநகரில் பெரும்பாலான இடங்களுக்கு அது தயாரிக்கப்படவே இல்லை. 2022-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்த பிறகு இந்தக் குறை இன்னும் பல ஊர்களுக்குப் பரவும் என்பதே என் கவலை.

மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது. அந்நிலையத்துக்கு மினி பஸ் செல்ல எந்த மதிலைத் திறக்க வேண்டும், எந்தப் புல எண்ணில் சாலை விட வேண்டும் என்று வரைபடத்தோடு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, சி.எம்.டி.ஏ.வுக்கும் கும்டாவுக்கும் அனுப்புங்கள். 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைவு மீது ஆட்சேபமும் ஆலோசனையும் தெரிவிக்கச் சட்டமே இடமளிக்கிறது. அதிலும் இதையே இணையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் தெருவும் ஒரு மதிலில்தான் முடிகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்களைக் கேட்டு வாங்கி, பக்கத்துக் குடியிருப்பு நலச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு தீர்மானத்தை எழுதத் தொடங்குகிறோம்.