லாரன்ஸ் ஈர்ப்பான்: இரண்டு வழியிலும் பரிமாணம் 1-ஐ ஒட்டி வருவது ஏன்?

கேள்வி:
லாரன்ஸ் அமைப்பின் (குழப்ப இயக்கம் காட்டும் மூன்று மாறிச் சமன்பாடுகள்) பாதை தங்கும் உருவமான ஈர்ப்பானின் பரிமாணத்தை அளக்கிறேன். மாறிலிகள்: சிக்மா 10, ரோ 28, பீட்டா 8/3. ஆர்.கே.4 (ரங்கே–குட்டா எண்முறை), நேரப் படி 0.002. தொடக்கப் பகுதியைத் தள்ளிவிட்டு எக்ஸ் வரிசையில் 20,000 புள்ளிகள். தாமதம் 60 படி, உட்பொதிவு 4 (அந்தத் தாமத இடைவெளியில் எடுத்த நான்கு எக்ஸ் மதிப்புகள் சேர்ந்து ஒரு புள்ளி). கிராஸ்பெர்கர்–புரோக்காசியா முறையில் (ஓர் ஆரத்துக்குள் விழும் புள்ளி ஜோடிகளை எண்ணி, லாக்–லாக் சாய்விலிருந்து தொடர்புப் பரிமாணம் காண்பது) ஆரம் குறையக் குறையச் சாய்வு 1-ஐ நோக்கி இறங்குகிறது. மீள்வருகை நேரத்தை (ஒரு புள்ளியைச் சுற்றிய சிறு பந்துக்குள் பாதை திரும்பி வர ஆகும் நேரம்) வைத்துப் பார்த்தாலும் 1.1 அளவுதான். வர வேண்டியது 2.05. இரண்டும் ஒத்துப்போகின்றனவே, தரவில் பிழையா?

பதில் 1:
தரவில் பிழையில்லை, அளவுதான் போதாது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.75 நேர அலகு; உங்களிடம் இருப்பது 40 அலகு, அதாவது ஐம்பது சுற்று சொச்சம். சிறிய ஆரத்துக்குள் விழும் ஜோடிகளில் பெரும்பாலானவை அதே பாதையில் முன்னும் பின்னும் வந்த புள்ளிகள். அவை ஒரு கோட்டைத்தான் அளக்கும், அதனால்தான் 1.

கணக்கிடும் படி 0.002-ஆகவே இருக்கட்டும். பத்துக்கு ஒன்றாகச் சேமித்து 50,000 புள்ளிகள் எடுங்கள். தாமதம் இப்போது 6. தைலர் 1986-இல் சொன்னபடி, நேரத்தில் 150 இடத்துக்குள் இருக்கும் ஜோடிகளை விலக்குங்கள். ஜோடிகளின் எண்ணிக்கையை வகுக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும்: (N−W)(N−W−1)/2 (N புள்ளிகளின் எண்ணிக்கை, W அந்த 150). இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாய்வை மாற்றாது என்றாலும் தொகையின் மதிப்பு தவறும். உட்பொதிவு 3, 4, 5 மூன்றிலும் ஒரே மேடை (ஆரம் மாறினாலும் சாய்வு மாறாத பகுதி) தெரிந்தால் மட்டும் நம்புங்கள்.

பதில் 2:
மீள்வருகையில் கோளாறு நேர் எதிர். பந்துக்குள் தொடர்ந்து இருக்கும் புள்ளிகளை ஒரே வருகையாகச் சேர்த்திருப்பீர்கள். அப்போது சராசரி நேரம் ஆரத்தின் −(D−1) அடுக்காக வளரும் (D என்பது பரிமாணம்). பாதையின் 1 கழிந்து 1.05 மிஞ்சும். கிராஸ்பெர்கர்–புரோக்காசியாவில் அந்த 1 மட்டும் எஞ்சியது, மீள்வருகையில் அது போய்விட்டது. விடையோடு 1 கூட்டுங்கள். ஆனால் ஆரம் அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கும்வரைதான் இது செல்லும். எனவே இதற்கு 0.002 தரவையே, நீண்ட ஓட்டமாக, பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
சேர்க்காமல் விட்டால்?

பதில் 2:
கணிதவியலாளர் மார்க் காட்ஸ் 1947-இல் நிறுவியது அப்படியே பொருந்தும்: சராசரி மீள்வருகை நேரம் = 1/பந்தின் அளவை (பாதை அந்தப் பந்துக்குள் கழிக்கும் நேரப் பங்கு). அடுக்கு −D. ஒன்றில் கவனம் வேண்டும்: பல மையங்களின் நேரங்களைச் சராசரி எடுத்துப் பிறகு லாக் எடுத்தால் பெட்டி எண்ணும் பரிமாணம் (ஈர்ப்பானை மூடும் பெட்டிகளை எண்ணுவது) வரும், ஒவ்வொன்றுக்கும் லாக் எடுத்துச் சராசரியிட்டால் தகவல் பரிமாணம் (பாதை எங்கே அதிகம் தங்குகிறது என்பதையும் கணக்கில் கொள்வது). லாரன்ஸில் வேறுபாடு சிறிது. எனோன் மேப்பில் (படிப்படியாகத் தாவும் இரு மாறி அமைப்பு; மாறிலிகள் 1.4, 0.3) தொடர்புப் பரிமாணம் 1.22, தகவல் பரிமாணம் 1.26 அளவில் பிரிந்து நிற்கும். அங்கே தொடர் பாதை இல்லாததால் 1 கழியும் சிக்கலும் இல்லை. நிரலை முதலில் அதில் ஓட்டிச் சரிபாருங்கள்.