பகுதி 4 பாடங்களுக்குத் தேர்வு தேவைதானா?

நொய்யல்கரையான்

பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும் எங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் இளநிலைப் பட்டப்படிப்பின் பகுதி 4 பாடங்களைத் திருத்தி அமைக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் நானும் ஓர் உறுப்பினன். கல்லூரி வாசல் மிதித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்காக ஒரு வரி: மொழிப்பாடம் பகுதி 1, ஆங்கிலம் பகுதி 2, முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் பகுதி 3, நாட்டு நலப்பணித் திட்டம் முதலியவை பகுதி 5. இவற்றுக்கு இடையில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக்கல்வி, பிற துறை விருப்பப்பாடம், திறன் பாடம் என்று வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஒதுங்கி நிற்பவைதான் பகுதி 4. எந்தத் துறை மாணவரும் பொதுவாக அறிந்திருக்க வேண்டியவை என்று நாம் ஒப்புக்கொண்டவை அனைத்தும் அதற்குள்தான் இருக்கின்றன.

சென்ற பருவத் தேர்வில் சுற்றுச்சூழல் கல்வி விடைத்தாள்கள் நாற்பது என் பங்குக்கு வந்தன. நீர் மாசுபாட்டின் காரணங்களையும் தடுப்பு முறைகளையும் விவரிக்கச் சொல்லி ஒரு பத்து மதிப்பெண் வினா. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே ஆறு தலைப்புகளை, ஒரே வரிசையில், கைடில் இருக்கும் அதே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். கங்கை இருந்தது, பாதரசக் கழிவால் பாதிக்கப்பட்ட ஜப்பானின் மினமாட்டா இருந்தது. தினமும் பாலத்தைக் கடக்கும்போது பேருந்து சன்னலை மூடிக்கொண்டு வருகிற இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட எங்கள் நொய்யல் ஆற்றை எழுதவில்லை. பாசனத்துக்கென்று கட்டி, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போன ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்கு ஒன்றும் தொலைதூரமில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த விடைத்தாள் கட்டில் இருந்திருப்பார்கள். விடைக்குறிப்பின்படி எல்லோருக்கும் எட்டு மதிப்பெண் போட்டேன், வேறு வழியில்லை.

குழுவில் நான் வைக்க இருக்கும் முன்மொழிவு இரண்டு. சுற்றுச்சூழல் கல்விக்கும் மதிப்புக்கல்விக்கும் பருவ இறுதி எழுத்துத் தேர்வை நீக்கிவிட்டு, களக்குறிப்பேடும் வாய்மொழித் தேர்வும் வைக்க வேண்டும். பாடத்திட்டத்தில் ஒரு வரியை மாற்றுவதற்கு முன்பும், பழைய விடைத்தாள்களில் ஒரு கட்டை எடுத்து, மாணவர்கள் உண்மையில் என்ன கற்றார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும். மாற்றுக் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வினாத்தாள்

தேர்வு நெறியாளர் அலுவலகத்தில் பதினோர் ஆண்டுகள் இருந்தவன் என்பதால், உங்கள் முதல் முன்மொழிவைக் கேட்டதும் எனக்குக் கவலைதான் வருகிறது.

இந்தப் பாடம் எப்படி வந்தது என்பதை முதலில் நினைவூட்டுகிறேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. ஏட்டளவில் நின்றுபோன அந்த ஆணையை 2003-இல் நீதிமன்றம் மீண்டும் கையில் எடுத்த காலத்தில்தான் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பொதுப் பாடத்திட்டம் எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் வந்தது. அதில் மொத்தம் 50 வகுப்புகள். களப்பணிக்கு 5 வகுப்புகள். 100 மதிப்பெண்ணில் களப்பணிக்கு மட்டும் 25. ஆகவே நீங்கள் புதிதாகச் சொல்லும் களக்குறிப்பேடு இருபது ஆண்டுகளாகப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்த 25 மதிப்பெண் என்ன ஆயிற்று? நான் பார்த்த பட்டியல்களில் வகுப்பு முழுவதற்கும் 22, 23, 24 என்றே வந்தது. களத்துக்குப் போனவருக்கும் 23, போகாதவருக்கும் 23. கல்லூரி வாசலுக்கு எதிரேயுள்ள ஜெராக்ஸ் கடையில் அட்டை போட்ட களப்பணி அறிக்கை விலைக்குக் கிடைக்கும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத்துத் தேர்வு அந்தப் பாடத்தை ஒரு முறையாவது புரட்ட வைக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆசிரியரின் தாராள மனம் மட்டுமே.

கணக்குவாத்தியார்

நீங்கள் இருவரும் எந்த மருந்து கொடுக்கலாம் என்று பேசுகிறீர்கள். நோயாளி இறந்து நாளாயிற்று என்பது என் கருத்து. பகுதி 4 பாடங்களை எடுத்துவிட்டு, அந்த நேரத்தை முதன்மைப் பாடத்துக்குக் கொடுங்கள். பின்னக் கணக்குத் தெரியாமல் இளநிலைக் கணிதத்துக்கு வருகிற மாணவரிடம் பகுப்பாய்வியல் நடத்துவதற்கு எனக்கு நேரம் போதவில்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பாடங்களும் இப்போது நேர அட்டவணையில் இடம் கேட்கின்றன. சுற்றுச்சூழலும் ஒழுக்கமும் பள்ளியில் முடிந்திருக்க வேண்டியவை.

நடுகல்

நான் ஆசிரியை அல்ல. ஓர் அரசு கலைக்கல்லூரியில் வணிகவியல் படித்துவிட்டு இப்போது தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாணவர் பக்கத்திலிருந்து யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் 'பிற துறை விருப்பப்பாடம்' என்று அறிவிப்புப் பலகையில் நான்கு பாடங்களின் பட்டியல் ஒட்டினார்கள். விருப்பத்தை எழுதிக் கொடுத்தோம். மறுவாரம் வகுப்பில் 62 பேரையும் மொத்தமாக வரலாற்றுத் துறைக்கு அனுப்பினார்கள். வரலாற்று மாணவர்கள் எங்கள் துறைக்கு வந்தார்கள். இரண்டு துறைகளும் பணிநேரக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ள எங்களை மாற்றிக்கொண்டன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு துறையில் ஆசிரியர் இடத்தைக் காப்பாற்ற வாரத்துக்கு இரண்டு மணி நேரமும் முக்கியம் என்பதை இப்போது புரிந்துகொள்கிறேன். ஆனால் அதற்கு 'விருப்பம்' என்று பெயர் வைத்திருக்க வேண்டாம்.

அந்தப் பாடத்தில் என்ன எழுதித் தேறினேன் என்பது சுத்தமாக நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. ஒரு சனிக்கிழமை அந்தப் பாடம் நடத்திய அம்மா எங்களில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புளியந்தோப்பின் ஓரத்தில் கிடந்த நடுகல்லைக் காட்டினார். யாரோ அதில் மாடு கட்டியிருந்தார்கள். கல்லில் தண்ணீர் தெளித்து, கோலமாவைத் தடவி, எழுத்துகள் தெளிவாகத் தெரியும்வரை எங்களைக் காத்திருக்கச் சொன்னார். கல்லில் மாவு தடவுவதைத் தொல்லியல் துறையினர் ஏற்க மாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார். தேர்வில் அதிலிருந்து ஒரு வினாகூட வரவில்லை.

கணக்குவாத்தியார் ஐயா சொல்வதுபோல் அந்த இரண்டு மணி நேரத்தை என் முதன்மைப் பாடத்துக்குக் கொடுத்திருந்தால் நிறுவனக் கணக்கியலில் இன்னும் நான்கு கணக்குகள் போட்டிருப்பேன். அவற்றை வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டேன்.

நொய்யல்கரையான்

வினாத்தாள் ஐயா, ஜெராக்ஸ் கடை பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் குறிப்பேட்டோடு வாய்மொழித் தேர்வையும் சேர்த்தேன். எங்களிடம் ஆண்டுக்கு 1,100 மாணவர்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் 5,500 நிமிடம், அதாவது ஏறத்தாழ 92 மணி நேரம். முப்பது ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். வினாத்தாள் தயாரித்து, அச்சடித்து, கூடத்தில் மேற்பார்வைக்கு நின்று, கட்டுக் கட்டாகத் திருத்துவதைவிட இது குறைவு.

மதிப்பீடு என்ற பெயரில் நாம் இப்போது செய்வதையும் சொல்லிவிடுகிறேன். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து கற்றல் விளைவுகள் எழுதி, அவற்றைப் பட்டப்படிப்பின் பொது விளைவுகளோடு பொருத்தி, கட்டத்துக்குக் கட்டம் 3, 2, 1 என்று எண் போட வேண்டும் அல்லவா? கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் குழு வருவதற்கு முந்தைய இரவு, துறை அறையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, நானும் இன்னொருவரும் முப்பது கட்டங்களை இருபது நிமிடத்தில் நிரப்பினோம். எல்லாக் கட்டத்திலும் 3 போட்டால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே 2 தூவினோம். பிறகு தேர்வு மதிப்பெண்ணிலிருந்து விளைவு எட்டப்பட்ட அளவைக் கணக்கிட்டால் 3-க்கு 2.4 வந்தது. 'சுற்றுச்சூழல் பொறுப்புணர்வு' என்ற விளைவு எங்கள் கல்லூரியில் 2.4 அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்று கோப்பில் இருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது? கைடைப் பார்த்து எழுதிய அந்த எட்டு மதிப்பெண்ணிலிருந்துதான்.

கணக்குவாத்தியார் ஐயாவுக்கு ஒரு சொல். பொதுக் கல்வி பள்ளியோடு முடிய வேண்டியது என்ற வாதம் புதியதன்று. பல்கலைக்கழகக் கல்வியை ஆராய 1948-இல் அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் குழு அதை ஏற்கவில்லை. பட்டப்படிப்பு மாணவருக்கும் பொதுக் கல்வி வேண்டும் என்றே மறு ஆண்டு தந்த அறிக்கையில் பரிந்துரைத்தது.

வினாத்தாள்

உங்கள் 92 மணி நேரக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒரு செலவை விட்டுவிட்டீர்கள்.

எழுத்துத் தேர்வில் விடைத்தாளின் மேல் பகுதியைக் கிழித்துவிட்டு டம்மி எண் போடுகிறோம். திருத்துகிறவருக்கு அந்த மாணவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்தத் தெரு என்று தெரியாது, அப்பா பெயர் தெரியாது. நம் சமூகத்தில் ஒரு பிள்ளை யாரென்றே அறியாமல் அதன் திறமையை மட்டும் எடை போடுகிற இடங்கள் எத்தனை இருக்கின்றன? வாய்மொழித் தேர்வில் அந்தத் திரையை நீங்களே விலக்குகிறீர்கள். சரளமாகப் பேசுகிறவருக்கு இருபது, தலை குனிந்து நிற்கிறவருக்குப் பன்னிரண்டு என்றுதான் முடியும். நல்ல மனம் படைத்த ஆசிரியருக்கே இது நேரும். மற்றவர்களைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணை எதிர்த்து மறுமதிப்பீடு கேட்கவும் முடியாது.

தேர்வு மோசமாக இருக்கிறது என்று நீங்கள் காட்டிய சான்று வினாவின் குற்றத்தைக் காட்டுகிறது. கைடுக்குள் விடை இருக்கும் வினாவைக் கேட்டால் கைடுதான் விடைத்தாளில் வரும்.

கணக்குவாத்தியார்

டம்மி எண் பற்றி ஐயா சொன்னதை வரிக்கு வரி வழிமொழிகிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரியான நான் அந்த எண்ணால் பிழைத்தவன்.

ராதாகிருஷ்ணன் குழுவைச் சொன்னீர்கள். அந்தப் பரிந்துரை வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது, இன்னும் அட்டவணையின் மூலையில்தான் நிற்கிறது. ஆசிரியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பதுதானே காரணம்? மேலும், இந்தத் திருத்தமே எதற்காக நடக்கிறது என்று கேளுங்கள். ஐந்தாண்டுக்குள் எத்தனை பட்டப்படிப்புகளின் பாடத்திட்டம் திருத்தப்பட்டது என்று நாக் சதவீதம் கேட்கிறது. உடனே அலகு 2-ஐ அலகு 3 ஆக்கி, 'நவீன' என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்து, பாடத்திட்டக்குழுவில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். 2023-இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் முன்மாதிரிப் பாடத்திட்டம் வந்தபோது தன்னாட்சி போயிற்றே என்று நாமெல்லாம் கொதித்தோம். இருந்த தன்னாட்சியை வைத்துப் பகுதி 4-இல் என்ன செய்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

நடுகல்

இது நம் ஊர் நோய் மட்டும்தானா என்று தேடிப் பார்த்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2009-இல் எட்டுப் பிரிவுகள் கொண்ட ஒரு பொதுக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அவர்களே அமைத்த ஆய்வுக்குழு அதைக் கடுமையாகக் குறை கூறியது. பொதுக் கல்விக்கென்று வடிவமைக்காமல், துறைகள் வழக்கமாக நடத்தும் பாடங்களுக்கே அந்த முத்திரையைக் குத்தி எண்ணிக்கையைக் கூட்டியிருந்தார்கள் என்பது அதில் ஒரு முக்கியக் குறை. 2019-இல் நான்கு பிரிவுகளாகக் குறைத்து மறுபடியும் தொடங்கினார்கள். வரலாற்றுத் துறைக்கும் வணிகவியல் துறைக்கும் இடையில் எங்களை மாற்றிக்கொண்ட கதைதான்; அங்கே பணம் அதிகம், அவ்வளவே. ஆனால் அவர்கள் மாணவரையும் ஆசிரியரையும் கேட்டு, குறையை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் மாற்றினார்கள். நொய்யல்கரையான் ஐயாவின் இரண்டாவது முன்மொழிவை இங்கே யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

வினாத்தாள்

அம்மா சொல்வது சரி. அதில் எனக்கு எதிர்ப்பில்லை. அறுபது விடைத்தாள்களை, மதிப்பெண்ணை மறைத்து, அந்தப் பாடத்தை நடத்தாத இருவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். அவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மாணவர் தான் கண்ட எதையாவது எழுதியிருக்கிறாரா? இருவரும் ஒத்துப்போகாத தாள்களை மட்டும் குழுவில் வைத்துப் பேசுங்கள். கட்டம் நிரப்புவதைவிட இதில் உண்மை கிடைக்கும்.

ஆனால் தேர்வை நீக்காதீர்கள். வினாவை மாற்றுங்கள். "உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது? நீங்கள் பார்த்தவரை எழுதுக" என்று கேளுங்கள். எந்தக் கைடிலும் இதற்கு விடை இருக்காது. சிக்கல் ஒன்றுதான். இந்த வினாவுக்கு விடைக்குறிப்பை எப்படி எழுதுவது? மதிப்பீட்டு முகாமில் முதல் ஆளாக அதைத்தான் கேட்பார்கள்.

நொய்யல்கரையான்

டம்மி எண் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வாய்மொழித் தேர்வைத் திரும்பப் பெறுகிறேன். களத்துக்குப் போகும் அந்த ஐந்து வகுப்புகளை மதிப்பெண் இல்லாமலே நடத்திப் பார்க்கலாம் என்று கேட்பேன். நடுகல்லைப் பார்த்ததற்கு அதைப் பற்றி இங்கே எழுதிய அம்மாவுக்கும் யாரும் மதிப்பெண் போடவில்லை.

விடைக்குறிப்பை இப்படித் தொடங்கியிருக்கிறேன், திருத்துங்கள். பத்து மதிப்பெண். வீட்டிலிருந்து வெளியேறும் குழாய் அல்லது வாய்க்காலைத் தெளிவாக விவரித்தால் 3. அது சேரும் அடுத்த இடத்தை, ஓடையோ குட்டையோ பாதாளச் சாக்கடையோ, ஊர்ப் பெயரோடு சொன்னால் 3. வழியில் அது யாருக்கு அல்லது எதற்குத் தீங்கு செய்கிறது என்று ஒரு சான்று காட்டினால் 2. கடைசி 2 மதிப்பெண், எதுவரை தன்னால் பின்தொடர முடிந்தது, எங்கே தடம் தவறியது என்று எழுதியதற்கு. "தெரு முனைக்கு அப்பால் எங்கே போகிறது என்று தெரியவில்லை, ஊராட்சி அலுவலகத்தில் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை" என்று எழுதியவருக்கு அந்த இரண்டும் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

கணக்குவாத்தியார்

எனக்கு இன்னும் அந்த இரண்டு மணி நேரம் வேண்டும். ஆனாலும் அறுபது தாள்களைப் படிக்க வெளித்துறையிலிருந்து ஆள் தேவைப்பட்டால் ஒரு கட்டை எனக்கு அனுப்புங்கள்.