டிரான்சிட்: மறைப்பா, இடைமறிப்பா, கடப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்த இழையில் வந்த மடல்களை நேற்று இரவு முதலிலிருந்து ஒருமுறை படித்தேன். சூரியனை அல்லாமல் வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்கள் பற்றிய மாணவர் கையேட்டுக்காக 'டிரான்சிட்' என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தோம். ஒரு கோள் நம் பார்வையில் தன் விண்மீனுக்கு முன்னால் குறுக்கே போவதுதான் டிரான்சிட். மறைப்பு, இடைமறிப்பு, இடைநகர்வு, பெயர்ச்சி, கடப்பு என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. டிரான்சிட் என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு நண்பர். நான் கடப்பின் பக்கம். ஆனால் அது தனியாக நின்றால் போதாது, கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும் என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

2004 ஜூன் 8 அன்று வெள்ளி சூரியனுக்கு முன்னால் போனது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு பைனாகுலரை முக்காலியில் கட்டி, சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்தோம். பிம்பம் உள்ளங்கை அகலம். அதில் மிளகைவிடச் சற்றுச் சிறிய ஒரு கரும்புள்ளி. முதலில் வந்த பிள்ளைகள் அட்டையில் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் பார்த்தார்கள். அரைமணிக்கு ஒருமுறை பென்சிலால் அது இருந்த இடத்தைக் குறித்து வைத்தோம். சாயங்காலம் அட்டையை எடுத்துப் பார்த்தால், வட்டத்தின் குறுக்கே எறும்பு போன தடம் மாதிரி வரிசையாகப் புள்ளிகள். "சார், குறுக்க கடந்து போயிடுச்சு" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

சூரியன் மறைந்தது என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பும் இல்லை. வெள்ளியின் வட்டம் சூரிய வட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். வெயில் அந்த அளவு குறைந்தது என்பது கணக்கில்தான் தெரியும், தோலில் தெரியாது. அதனால்தான் 'மறைப்பு' எனக்கு ஒத்துவரவில்லை. வியாழன் அளவுள்ள கோள் ஒன்று சூரியன் போன்ற விண்மீனின் முன்னால் போனால் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால் பத்து லட்சத்தில் 84 பங்கு. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி அன்னம், யாழ் விண்மீன் தொகுதிகள் இருக்கும் பக்கமாக ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றரை லட்சம் விண்மீன்களின் ஒளியை அரைமணிக்கு ஒருமுறை அளந்தது இப்படிப்பட்ட குறைவுகளைப் பிடிக்கத்தான். இன்றுவரை 2,600க்கு மேற்பட்ட கோள்கள் அதன் தரவிலிருந்து உறுதியாகியிருக்கின்றன. அவற்றில் எதுவும் தன் விண்மீனை மறைக்கவில்லை. மறைப்பு என்று எழுதினால் மாணவர் மனத்தில் கிரகணம்தான் வரும்.

இடைமறிப்புக்கு வருகிறேன். சொல்லின் கட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசுகிறவரை இடைமறிக்கிறோம், வண்டியை இடைமறிக்கிறோம், ஏவுகணையை இடைமறிக்கிறோம். எல்லாவற்றிலும் வந்தது நின்றுபோகிறது. இங்கே நமக்கு மிகவும் தேவைப்படுவது நிற்காமல் வந்து சேர்கிற ஒளி. கோளுக்குக் காற்றுமண்டலம் இருந்தால், விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதி அந்தக் காற்றின் வழியாக நுழைந்து நம்மிடம் வருகிறது. வரும் வழியில் அங்குள்ள வாயுக்கள் தத்தமக்குரிய அலைநீளங்களை எடுத்துக்கொள்கின்றன. 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஏறத்தாழ 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி என்ற வெப்பக் கோளில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது இந்த வழியில்தான். அங்கே செய்தி கொண்டுவந்தது மறிக்கப்படாத ஒளி. இந்த வேலைக்கே 'இடைமறிப்பு' என்று பெயர் வைத்தால், அடுத்த பக்கத்தில் ஒளி எப்படி வந்தது என்று விளக்க நாமே திணறுவோம். (அந்த ஒளிக்கு 'ஊடொளி' என்று நண்பர் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். ஊடொளி நிறமாலை. எவ்வளவு அழகான சொல்! அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.)

பெயர்ச்சியை முன்வைத்தவர், மக்கள் நாவில் ஏற்கெனவே இருக்கும் சொல் என்கிறார். உண்மைதான். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று நாட்காட்டியிலேயே இருக்கிறது, சோதிட ஆங்கிலத்தில் அதையும் டிரான்சிட் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் அது ஒரு ராசியிலிருந்து இன்னொரு ராசிக்கு இடம் மாறுவது. வானியலிலும் பெயர்ச்சிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டோம்: விண்மீன் திரள்கள் விலகிப்போவதைச் சொல்லும் செம்பெயர்ச்சி. ஒரே கையேட்டில் இரண்டும் வந்தால் குழப்பம். பழைய சொல்லும் புதிய வானியலும் இப்படிக் குறுக்கிடுவது புதிதும் அல்ல. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனுக்கு முன்னால் போகவிருந்தபோது, நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்த நிகழ்வை விளக்கி ஒரு சிறுநூல் எழுதினார். அது பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. பஞ்சாங்கக் கணிதம் அறிந்தவர்களுக்குப் புதிய வானியலைச் சொல்ல வேண்டியிருந்த அவர் ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு யோசித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். 150 ஆண்டு கழித்து அதே மேசையில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

இடைநகர்வில் பிழை இல்லை. ஆனால் எதன் இடையில் என்று கேள்வி எழுகிறது. நகர்வும் கொஞ்சம் மந்தமான சொல்.

சரி, கடப்பு. 'பொதுவான சொல்லாயிற்றே, சாலையையும் கடக்கிறோம்' என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு யாழ்ப்பாணத்து அண்ணர் எழுதிய பதிலைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பக்கம் வேலியில் ஆள் மட்டும் நுழையும்படி விடும் குறுகிய வழிக்கும் கடப்பு என்றுதான் பெயராம். வேலிக்கு நேரெதிரே நின்றால் கடப்பு வழியாக அந்தப் பக்கம் தெரியும், பக்கவாட்டில் நின்றால் தெரியாது. இங்கேயும் அதே கதைதான். கோளின் பாதை நம் பார்வைக்கோட்டோடு ஏறக்குறைய நேராக அமைந்தால்தான் கடப்பு நமக்குத் தெரியும். பூமி போன்ற தொலைவில் சுற்றும் கோளுக்கு அந்த வாய்ப்பு இருநூற்றில் ஒன்றுதான். அண்ணருக்கு என் நன்றி. வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்வேன்.

இப்போது நான் கேட்கும் இரண்டாவது சொல். ஆங்கிலத்தில் கோள் போவதற்கும், அதனால் ஒளி குறைவதற்கும் டிரான்சிட் என்றே புழங்குகிறார்கள். ஒளி எவ்வளவு குறைந்தது என்பதை 'டிரான்சிட்டின் ஆழம்' என்கிறார்கள். அதை அப்படியே 'கடப்பு ஆழம்' என்று மாற்றினால் தமிழில் ஒன்றும் விளங்காது. கடப்புக்கு ஏது ஆழம்? வரைபடத்தில் கோடு பள்ளமாக இறங்குவதால் வந்த பேச்சு அது. ஆகவே கோள் செய்வது கடப்பு, தொலைநோக்கி பார்ப்பது மங்கல் என்று பிரித்துவிடலாம். விளக்கு மங்கலாக எரிகிறது என்று வீட்டில் சொல்கிற அதே மங்கல். கடப்பு நேரம், மங்கல் அளவு. "கடப்பின்போது 1.5 விழுக்காடு மங்கல் பதிவானது" என்று 1999இல் கண்ட முதல் புறக்கோள் கடப்பைப் பற்றி எழுதிப் பார்த்தேன். தடுக்காமல் ஓடுகிறது.

இந்தப் பிரிப்பில் இன்னொரு வசதியும் உண்டு. விண்மீனில் பெரிய கரும்புள்ளிகள் வந்தாலும் ஒளி மங்கும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் பின்னணியில் இருந்தாலும் மங்கும். அதாவது மங்கல் எல்லாம் கடப்பு ஆகாது. ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் செய்யும் சோதனையே அதுதான். இரண்டு சொல் கையில் இருந்தால் அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கோள் விண்மீனுக்குப் பின்னால் போவதற்கு 'பின்மறைவு' என்று எழுத விரும்புகிறேன். அங்கே கோள் முழுக்கவே மறைகிறது, அதனால் மறைவு அங்கே பொருந்தும். அந்த நேரத்தில் குறையும் ஒளி கோளுடையது. 2005இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி புறக்கோள்களின் அகச்சிவப்பு ஒளியை அப்படித்தான் பிரித்தெடுத்தது.

மிச்சமிருப்பது புணர்ச்சி. கலைச்சொல் பட்டியலில் கோள்+கடப்பு என்பதைக் கோட்கடப்பு என்று போடலாமா, கோள்கடப்பு என்றே விடலாமா? நாட்காட்டி என்று எல்லாரும் தடுக்காமல் படிக்கிறார்கள் என்பதால் எனக்குக் கோட்கடப்பில் தயக்கம் இல்லை. பட்டியலில் அதுவும், ஓடும் உரையில் வெறும் கடப்பும் இருக்கட்டும் என்பது என் கருத்து. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை 'கோட்டைக் கடப்பது' என்று எடுத்துக்கொள்ளும் என்று அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். அதைத் தள்ளிவிட முடியவில்லை. நாளை என் வகுப்பில் இரண்டையும் பலகையில் எழுதிப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளைகள் சொன்னதைச் சாயங்காலம் இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்